நாற்பது கதவுகள்

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது. 'இந்த ஆண்டு உங்கள் பகுதியில் உருவான புதுமைகள்.' புள்ளிவிவர எழுத்தர் காலையிலிருந்து அதையே முறைத்துக்கொண்டிருந்தார்.

நாட்டின் ஒன்பது பகுதிகளில் தரவரிசையில் அவருடையதுதான் ஒன்பதாவது. மூன்று வருடமாக அந்தக் கட்டத்தில் பூஜ்யம். இந்த வருடமும் பூஜ்யம் என்றால் அலுவலகத்தைக் கலைத்து ஆளுக்கொரு மூலைக்கு அனுப்பிவிடுவதாகத் தலைமையகம் எழுதியிருந்தது. தலைமையகம் இருப்பது, சொல்லவே வேண்டாம், முதலிடப் பகுதியில்.

அவர் மனைவிக்கு ஆறு வருட அலைச்சலுக்குப் பிறகு இந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை நிரந்தரமாகி ஒரு மாதம்தான் ஆகிறது. மாற்றல் வந்தால் அவர் ஒரு ஊர், அவள் ஒரு ஊர்.

அப்போது அறைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பியூன் கதவில் கயிறு கட்டி, அதை மேலே ஓர் ஆணி வழியாக விட்டு, நுனியில் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தார். எழுத்தருக்கு உயிர் வந்தது.

'மின்சாரம் தேவைப்படாத தானியங்கிக் கதவு' என்று எழுதி அனுப்பினார்.

மறுவாரமே கேள்வி வந்தது: எத்தனை இடங்களில் பயன்பாட்டில் உள்ளது?

ஒன்று என்று எழுதக் கை கூசியது. நாற்பது என்று எழுதினார்.

நாற்பதையும் பார்க்கத் தலைமையக இயக்குநரே வியாழக்கிழமை நேரில் வருவதாகப் பதில் வந்தது.

"ஒண்ணுன்னே எழுதியிருக்கலாமே சார்," என்றார் பியூன்.

"ஏணியைப் பிடிங்க."

நான்கு நாள் இருவரும் கயிறும் சுத்தியலுமாகத் தெருத்தெருவாக அலைந்தார்கள். தையல் கடை, தபால் நிலையம், பல் டாக்டர் என்று யாரையும் விடவில்லை. அப்படியும் மூன்று குறைந்தது. அந்த மூன்றையும் எழுத்தர் தன் வீட்டிலேயே கட்டினார்.

"பாத்ரூம் கதவு திறக்கவே மாட்டேங்குது," என்றாள் மனைவி. "யாருக்காக இந்தக் கூத்து?"

"நாம ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கத்தான்."

"இப்ப நீங்க உள்ள, நான் வெளிய. இதுக்குப் பேரு ஒரே வீடா?"

வியாழனன்று இயக்குநர் ஒவ்வொரு கதவையும் திறந்து, விட்டு, மூடும்வரை நின்று குறித்துக்கொண்டார். பல் டாக்டர் வாசலில் கயிறு அறுந்து பாட்டில் அவர் காலருகே விழுந்தது.

"அது பழைய மாடல் சார்," என்றார் எழுத்தர். அதையும் இயக்குநர் குறித்துக்கொண்டார்.

சுற்றி முடித்ததும் இயக்குநர் அலுவலக மேலாளரின் அறைக்குள் போய்விட்டார். எழுத்தருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளியே காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரிடம் போனார்.

"உங்க ஐயா முகத்துல ஒண்ணுமே தெரியலையேங்க. கோவமா?"

"கோவமா? இவ்வளவு சந்தோஷமா நான் அவரைப் பாத்ததே இல்ல சார்."

"அப்ப எனக்கு டிரான்ஸ்பர் கிடையாதில்ல?"

டிரைவர் துணியை உதறினார். "முதலிடத்துல இருக்கற எங்க பகுதியில புதுமையெல்லாம் காகிதத்துல மட்டும்தான் சார் இருக்கு; எழுதினதை நிஜமாவே கட்டிக் காட்டற ஆளை ஐயா இன்னைக்குத்தான் பாத்திருக்காரு, திங்கக்கிழமையே அங்க வந்து சேரணும்னு உங்க டிரான்ஸ்பர் உத்தரவுலதான் இப்ப கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்காரு."