வடக்குப் பார்த்து மட்டும்

மாப்பிள்ளை சுவிட்சைப் போட்டார். குட்டி விமானத்தின் மூக்கில் புது எல்.இ.டி. விளக்கு பளீரென்று எரிந்தது. மைக்கை எடுத்து, “ரேடியோ ரூம், நான் பேசுறது கேக்குதா?” என்றார்.

“கொர்ர்ர்ர்... கேக்குது... கொர்ர்ர்... ஓவர்.”

விளக்கை அணைத்துவிட்டு மறுபடி கேட்டார்.

“கேக்குது. ஓவர்.” கணீரென்ற குரல்.

போட்டார். கொர்ர்ர். அணைத்தார். கணீர். ஆறு தடவை செய்து பார்த்தார். ஆறு தடவையும் அதேதான். ஏழாவது தடவை சுவிட்சைத் தொடவே பயமாக இருந்தது.

பயம் இருக்காதா பின்னே? இந்த விமானப் பயிற்சிப் பள்ளி மாமனாருடையது. கல்யாணமாகி எட்டு வருடமாக மாப்பிள்ளைக்கு அங்கே வருகைப் பதிவேடும் ரப்பர் ஸ்டாம்ப்பும்தான். இத்தனைக்கும் மனிதர் முறையாகப் படித்து லைசென்ஸ் வாங்கிய மெக்கானிக். ஷெட்டை என் பொறுப்பில் விடுங்கள் என்று அவர் கெஞ்சாத நாளில்லை. போன வாரம்தான் மாமனார் ஒருவழியாக இறங்கி வந்தார். தரையிறங்கும்போது போடுகிற அந்தப் பழைய மஞ்சள் பல்பு மாதம் ஒரு தடவை உயிரை விட்டுக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட வேண்டும். இன்று நாலு மணிக்கு வருகிற விமானத் துறை இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஷெட் சாவி நிரந்தரமாக மாப்பிள்ளை கையில். போடாவிட்டால் ஆயுசுக்கும் ரப்பர் ஸ்டாம்ப்.

“பத்து நிமிஷ வேலை மாமா,” என்று காலை எட்டு மணிக்குச் சொல்லியிருந்தார்.

பதினோரு மணிக்கு மாமனார் ஷெட்டுக்குள் வந்தார். “பத்து நிமிஷம் ஆயிடுச்சுங்களா மாப்பிள்ளை?”

மரியாதை கொஞ்சமும் குறையாமல் குத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

“லைட்டு பிரமாதம் மாமா. லைட்டைப் போட்டா ரேடியோ மட்டும் கொஞ்சம் இரையுது.”

“கொஞ்சம்னா?”

மாப்பிள்ளை போட்டுக் காட்டினார். மாமனார் காதைப் பொத்திக்கொண்டார். “என்னங்க இது, மாவு மில்லு ஓடுது?”

“சில எல்.இ.டி. ரேடியோவைத் தொந்தரவு பண்ணும் மாமா. எர்த் ஒயரை இறுக்கினா சரியாயிடும்.”

எர்த் ஒயரை இறுக்கினார். சரியாகவில்லை. கவசம் போட்ட ஒயராக மாற்றினார். பழைய ஒயரை உருவும்போது பக்கத்திலிருந்த வேறொரு ஒயரும் கூடவே வந்துவிட்டது. நிரம்பியிருந்த எரிபொருள் தொட்டி காலி என்று முள் படுத்துக்கொண்டது. அதைச் சரிசெய்யச் சீட்டைக் கழற்றினார். சீட்டின் நாலு திருகாணியில் ஒன்று எங்கோ உருண்டு ஓடியது. அதைத் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் பூட்டி முடிக்கும்போது மதியம் ஒரு மணி ஆகிவிட்டது.

விளக்கைப் போட்டார். கொர்ர்ர்.

ஷெட்டுக்கு எதிரே, புல்வெளி தாண்டி, மாடியில் இருந்தது ரேடியோ ரூம். அங்கே ரேடியோ அக்கா இருந்தார். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ரேடியோவில் வேலைக்கு வேண்டியதற்கு மேல் ஒரு எழுத்து பேசமாட்டார். போன வருடம் தன் பேத்தி பிறந்த செய்தியைக்கூட சாயங்காலம் கீழே இறங்கி வந்துதான் சொன்னார்.

“அக்கா, உங்களுக்கு அங்க இரைச்சல் கேக்குதா?” என்றார் மாப்பிள்ளை.

“கொர்ர்ர்... உங்க குரல் சுத்தமா கேக்குது... கொர்ர்ர்... ஓவர்.”

“எனக்குத்தான் கேக்குது, அவங்களுக்குக் கேக்கலை!” மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். “அப்ப நம்ம ரேடியோவோட காதுலதான் கோளாறு.”

“அந்த வாதத்தை அப்புறம் வச்சுக்கலாம். பல் டாக்டர் விமானத்து ரேடியோவுல கேட்டுப் பாருங்களேன்,” என்றார் மாமனார். ஷெட்டில் பக்கத்திலேயே நின்றது அது. டாக்டர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து ஓட்டுவார்.

நல்ல யோசனைதான். மாப்பிள்ளை இங்கே விளக்கை எரியவிட்டு, அங்கே போய் ஏறி உட்கார்ந்து கூப்பிட்டார்.

“கொர்ர்ர்... கேக்குது... ஓவர்.”

மாமனார் முகம் வெளிறிப்போனது. “ஐயையோ! அதுக்கும் ஒட்டிக்கிச்சா? டாக்டர் என்னைச் சும்மா விடுவாரா?”

“ஒட்டாது மாமா, இது என்ன அம்மையா?”

“ஒட்டலைன்னா அங்க ஏங்க கொர்ருங்குது?”

மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார். இருந்தாலும் எதற்கு வம்பு என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து டாக்டரின் விமானத்தைத் தள்ளிக்கொண்டு போய் வேலியோரம் ஒதுக்குப்புறமாக நிறுத்தினார்கள். வேலியோரத்திலும் கொர்ர்ர்.

“இவ்ளோ தூரம் பாயுதா!” மாமனார் அந்தச் சின்ன விளக்கிலிருந்து நாலடி தள்ளியே நின்றார். “வீட்டுக்குப் போனா குளிச்சிட்டுத்தான் உள்ள போகணும்.”

மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. எட்டு வருடம் காத்திருந்து கிடைத்த ஒரு நாள், இப்படியா பாழாக வேண்டும்? நன்றாக யோசித்தார். ஷெட்டின் தகரக் கூரைதான் அலையைக் குழப்புகிறது; விமானத்தை வெளியே இழுத்து ரேடியோ ரூமுக்குக் கிட்டே கொண்டுபோனால் சிக்னல் பலமாகும்; பலமான சிக்னல் இரைச்சலை அமுக்கிவிடும். புத்தகத்தில் படித்தவர் வேறு எப்படி யோசிப்பார்?

இழுத்துக்கொண்டு போனார்கள். மாடிக்கு நேர் எதிரே, கல்லெறி தூரத்தில் நிறுத்தினார்கள். விளக்கைப் போட்டுக் கூப்பிட்டார்.

“கொர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்!”

குரலே இல்லை. ‘ஓவர்’கூட இல்லை.

“கிட்ட வந்தா கோவம் அதிகமாகுது மாப்பிள்ளை. வாங்க, போயிடலாம்.”

மூன்று மணி. விமானத்தைத் திரும்ப ஷெட்டுக்குக் கொண்டுபோவதற்காக மூக்கை வடக்கே திருப்பினார்கள். விளக்கை அணைக்க மறந்துபோயிருந்தார் மாப்பிள்ளை. உள்ளே தாவி ஏறியவர், எதற்கும் இருக்கட்டும் என்று ஒருமுறை மைக்கை எடுத்தார்.

“கேக்குது. ஓவர்.”

கணீர்! விளக்கு எரிகிறது, ரேடியோ கணீர்! மாப்பிள்ளை குதித்து இறங்கி மாமனாரைக் கட்டிப்பிடித்தார். “சரியாயிடுச்சு மாமா! சரியாயிடுச்சு!”

“விடுங்க, விடுங்க. எதைப் பண்ணதால சரியாச்சு?”

அதுதான் தெரியவில்லை. விமானத்தைத் தெற்கே திருப்பிப் பார்த்தார்கள். கொர்ர்ர். வடக்கே திருப்பினார்கள். கணீர். தெற்கு, வடக்கு, தெற்கு, வடக்கு என்று வெயிலில் சுற்றிச் சுற்றி மாமனாருக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளை பராமரிப்புப் புத்தகத்தைத் திறந்து, யோசித்து யோசித்து, நேர்மையாக எழுதினார்: ‘லேண்டிங் லைட் எல்.இ.டி.யாக மாற்றப்பட்டது. வடக்குப் பார்த்து மட்டும் பயன்படுத்தவும்.’

சரியாக நாலு மணிக்கு வந்த இன்ஸ்பெக்டர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் படித்தார்.

“தெக்கால இருந்து காத்தடிச்சா தெக்கே பாத்துத்தானே இறங்கணும்? அப்ப என்ன செய்யறது?”

“காத்து மாறுற வரைக்கும் மேலயே சுத்தலாம் சார்,” என்றார் மாமனார், உதவி செய்கிற நினைப்பில்.

“பெரியவரே, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க.” இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையிடம் திரும்பினார். “முப்பது வருஷ சர்வீஸ்ல திசை பாத்து வேலை செய்ற லைட்டை இன்னைக்குத்தாங்க பாக்கறேன். பழைய பல்பு இருக்கா? அதை மாட்டுங்க.”

மாட்டினார். விமானம் தெற்கே பார்த்து நின்றது. மஞ்சள் வெளிச்சம் மங்கலாக எரிந்தது. மாப்பிள்ளை மைக்கை எடுத்தார். கொர்ரென்று ஒரே ஒரு தடவை இரைந்துவிடக் கூடாதா என்றிருந்தது அவருக்கு.

“கேக்குது. ஓவர்.”

கணீர். வடக்கே திருப்பினாலும் கணீர்.

“ஆக, கோளாறு எதுலன்னு சந்தேகமே இல்லை,” என்றார் இன்ஸ்பெக்டர். ‘இவ்விமானத்தில் இனி எல்.இ.டி. பொருத்தக் கூடாது’ என்று புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போயே போய்விட்டார்.

மாமனார் கையை மட்டும் நீட்டினார். மாப்பிள்ளை காலையில் ஆசையாக வாங்கி இடுப்பில் செருகியிருந்த ஷெட் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

“மனசுல வச்சுக்காதீங்க மாப்பிள்ளை. உங்க ஸ்டாம்ப் மை காய்ஞ்சு கிடந்துது. நானே புதுசா ஊத்தி வச்சிருக்கேன்.”

எல்லாம் முடிந்தது. மாப்பிள்ளை விமானச் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். என்ன தப்பு செய்தோம் என்று தெரிந்தாலாவது மனசு ஆறும். அதுவும் தெரியவில்லையே!

வேலை நேரம் முடிந்து, ரேடியோ அக்கா மாடிப்படி இறங்கிப் புல்வெளியைத் தாண்டி வந்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“என்னக்கா, கழுத்துக்கு என்னாச்சு?” என்றார் மாப்பிள்ளை, சுரத்தே இல்லாமல்.

“நல்லா கேட்டீங்க போங்க! அந்தப் புது லைட்டு நேரா ஜன்னல் வழியா வந்து கண்ணுல குத்துது. நீங்க அதைப் போட்டுட்டுக் கூப்பிடுற ஒவ்வொரு தடவையும் முதுகைத் திருப்பிக்கிட்டு, மைக்கை அந்தப் பக்கம் சுத்துற டேபிள் ஃபேன் மூஞ்சியிலேயே வச்சுப் பதில் சொன்னா, கழுத்து பிடிக்காம வேற என்னங்க செய்யும்?”