தேதி போடாத மரண அறிவித்தல்

தவயோகன் செத்துவிட்டான் என்று இரத்தினவேல் ஒரு செவ்வாய்க்கிழமை தீர்மானித்தார்.

தவயோகன் அவருடைய மனைவியின் ஒரே தம்பி. வன்னியில் சண்டை முடிந்து கிழமைகள் ஓடிவிட்டன. அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இங்கே கனடாவில், பிறம்ரன் வேர்ஹவுசில் வேலை செய்யும் ஒருவன், தவயோகன் விழுந்ததைக் கண்ட ஆளைத் தனக்குத் தெரியும் என்றானாம். இரத்தினவேலுக்கு அது போதும். ஊரில் தபாலதிபராக இருந்தவர். வந்த கடிதத்தை முத்திரை குத்தாமல் மேசையில் வைத்திருந்து பழக்கமில்லை.

மனைவி புனிதவதியிடம் கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டாள். அவள் குசினியில், ரெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாள். சோறு வைப்பாள், தின்னமாட்டாள். தலை வாரி இழுக்கமாட்டாள். மணி அடித்தால் பாய்வாள். கம்பளம் கழுவ ஆள் வேண்டுமா என்று எவனோ கேட்பான். திரும்பப் போய்க் கதிரையில் இருப்பாள்.

இதைப் பார்க்க இரத்தினவேலால் முடியவில்லை. ஒரு திட்டம் போட்டார். இன்ரநெற்றில் மரண அறிவித்தல் வரட்டும். பார்ப்பாள். குழறுவாள். குழறி முடிய ஒரு பிடி சோறு தின்பாள். அலுவல் முடிந்தது.

இன்னொன்றும் உண்டு. மல்வேர்னில் எந்தத் தமிழன் செத்தாலும் அறிவித்தல் எழுதுவது இரத்தினவேல்தான். அந்த மாதம் கை ஓயவில்லை. ஊருக்கெல்லாம் எழுதிப்போட்டு, சொந்த மச்சானை வேறு எவனும் எழுத விடலாமா?

அன்றே, புனிதவதி பால் வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து, முன்னறைக் கொம்பியூட்டரில் குந்தினார். அந்த வீட்டில் இன்ரநெற் இன்னும் ரெலிபோன் லைனில்தான். ஊரெல்லாம் மாற்றிவிட்டது. ஓடுகிற சாமானை ஏன் மாற்றுவான் என்பது அவர் கட்சி. கீச்சிட்டு, கரகரத்து, லைன் ஏறியது. அறிவித்தல் பக்கத்தைத் திறந்து பெட்டிக்குள் எழுதினார். பிறப்பிடமாகவும், வசிப்பிடமாகவும், அன்பு மகனும், பாசமிகு தந்தையும். 'கனடாவில் வதியும் ஓய்வுபெற்ற தபாலதிபர் இரத்தினவேலின் ஆருயிர் மைத்துனரும்' என்ற இடத்தை மட்டும் திருப்பித் திருப்பித் திருத்தினார். அன்னாருக்கு ஒரு வரி. அன்னாரின் அத்தானுக்கு இரண்டு.

இறந்த தேதிக்கு ஒரு பெட்டி இருந்தது. பிறகு பார்ப்பம் என்று விட்டார்.

வாசற்கதவு திறந்தது. குசினியில் பை வைக்கும் சத்தம் கேட்டது. அவசரமாக 'அனுப்பு' என்பதை அமத்தினார். வெள்ளைப் பக்கம் வந்தது. பின்னால் போய்ப் பார்த்தார். பெட்டி எல்லாம் காலி.

வியாழக்கிழமை மறுபடி எழுதினார். முந்தியதைவிடத் திறம். வெள்ளைப் பக்கம். வெள்ளிக்கிழமை எழுதியது அதைவிடத் திறம். அதுவும் போனது. இந்தமுறை வாய்விட்டுக் கத்தினார்.

"என்னப்பா, ஆரைப் பேசுறியள்?" குசினிக்குள் இருந்து புனிதவதி.

"எழுதினது முழுக்கப் போட்டுது! ஒரு எழுத்து மிச்சமில்லை!"

"என்ன எழுதினனியள்?"

"அது... கோயில் விசயம்."

"கோயில் விசயமெண்டால் கடவுள் பாத்துக்கொள்ளுவார். தேத்தண்ணியைக் குடியுங்கோ."

"உந்தப் பெட்டிக்கு என்னைக் கண்டால் பிடிக்காது."

"அப்ப அதுக்கும் கண் தெரியுது."

பின்னேரம், கூப்பிடாமலே பஸ்ரியன் வந்தான். பக்கத்து ரவுண்ஹவுஸில் இருக்கிறவன். மிசிசாகாவில் கொம்பியூட்டர் வேலை.

"அண்ணை, உங்களுக்கு விசரே? பக்கத்துக்குள்ளை நேரை எழுதிறதோ? லைன் அறுந்தால் எல்லாம் காத்து."

"பின்னை எங்கை எழுதிறது? சுவரிலையோ?"

"முதல் இன்ரநெற்றைக் கழட்டுங்கோ. கழட்டிப்போட்டு இந்த வேர்ட் பக்கத்திலை தனிய எழுதுங்கோ. வரிக்கு வரி சேவ் பண்ணுங்கோ. முழுக்க முடிஞ்சாப்பிறகு, ஒரு நிமிசம் லைனை எடுத்து, கொப்பி பண்ணி ஒட்டி அனுப்பிப்போட்டு வெட்டுங்கோ. அதுவரைக்கும் லைன் பக்கம் போகப்படாது."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். லைன் பக்கம் போகப்படாது அண்ணை. விளங்கிச்சோ?"

போகும்போது பஸ்ரியன் கையில் ஒரு டப்பா கடலைவடை இருந்தது. வடை எப்போது சுட்டாள், அவனுக்கு ஏன் கொடுத்தாள் என்று இரத்தினவேல் யோசிக்கவில்லை. ஏன் யோசிப்பார்? மெசினை வென்ற மனிதன் அவர்.

அடுத்த கிழமை முழுக்க எழுதினார். எழுதுவார், சேவ் பண்ணுவார். ஒரு கொம்பு போட்டாலும் சேவ். பழைய முத்திரைக் கட்டையைக் குத்துவதுபோல் குத்தினார். ஒன்றும் தொலையவில்லை. அறிவித்தல் கோபுரம்போல் எழும்பியது. தேதி மட்டும்தான் மிச்சம். எழுதப் போனால் விரல் நின்றுவிடும். அந்த மாதம் ஊராருக்கு எத்தனை தேதி போட்ட விரல்.

சனிக்கிழமை காலை, தேதி இல்லாமலே அனுப்பிவிடுவது என்று முடிவெடுத்தார். லைனை எடுக்கக் கை நீட்டினார்.

ரெலிபோன் அடித்தது.

முதல் மணி ஓயமுன் புனிதவதி எடுத்துவிட்டாள். "ஓம்" என்றாள். பிறகு, "எங்கையடா நிக்கிறாய்?" என்றாள்.

அப்படி 'டா' போட்டுக் கதைக்க அவளுக்கு உலகத்தில் ஒருவன்தான் இருந்தான்.

இரத்தினவேல் குசினி வாசலுக்கு வந்தார். கதிரை இருக்க அவள் நிலத்தில் இருந்தாள்.

"எந்தக் கால்? ...முழங்காலுக்கு மேலையோ, கீழையோ? ...மூத்தவன்? ...ஆரும் கண்டவையோ? ...அழாதை. அவனுக்கும் இந்த நம்பர் பாடம்தானே. நான் இஞ்சைதான் இருப்பன்."

லைன் அறுந்தது. அவள் ரிசீவரை மெல்ல வைத்தாள்.

"செட்டிகுளம் முகாமிலை நிக்கிறான். ஆரோ ஒருத்தன்ரை போனாம். அவன்ரை மூத்த பெடியனைக் காணேல்லையாம்."

அவள் நிலத்தில் கையூன்றி எழும்பினாள்.

"முந்தியும் ஒருக்கா எடுத்தவனாம்."

"எப்ப?"

"அண்டைக்கு. நான் பால் வாங்கப் போன செவ்வாய். லைன் எங்கேஜாம். பிறகு போன் கிடைக்கேல்லையாம்."

அந்தச் செவ்வாய், அந்த நேரம், தான் என்ன எழுதிக்கொண்டிருந்தார் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. பாசமிகு தந்தையும்.

புனிதவதி ரிசீவரைத் தூக்கித் திரும்ப வைத்தாள். டக்.

"இப்பிடித்தான் உங்கடை இன்ரநெற்றை வெட்டினனான். ஒவ்வொருக்காவும். நீங்கள் உதிலை ஏறினால் இதிலை ஒருத்தரும் வரேலாது. சொன்னால் கேக்கிற ஆளே நீங்கள்? அதுதான் பஸ்ரியனைக் கூப்பிட்டுச் சொல்லுவிச்சனான்."

"அப்ப... நான் என்ன எழுதினனான் எண்டு..."

"முதல் தெரியாது. நீங்கள் சேவ் பண்ணத் தொடங்கினாப்பிறகு, குளிக்கப் போற நேரமெல்லாம் வாசிச்சனான்."

அவர் முன்னறைக்குப் போனார். அறிவித்தலைத் தேடிப் பிடித்து, அழிக்கிற இடத்தில் விரலை வைத்தார்.

குசினிக்குள் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. ரெலிபோனுக்குக் கிட்ட. மூத்தவனுக்காக.

"அழிச்சுப் போடாதேங்கோ," என்றாள் அங்கிருந்தே. "நல்லாத்தான் எழுதியிருக்கிறியள். பேரை மாத்தினால் உங்களுக்கே உதவும். தேதிதான் இன்னும் போடேல்லையே."