முகூர்த்தக் கீறல்

ஒரு காட்டில், பேரைச் சொன்னால் அந்த நலச்சங்கத்துக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், அதனால் வெறும் காடு என்றே வைத்துக்கொள்ளுங்கள், கோதண்டம் என்று ஒரு கரடி இருந்தது. அந்தக் காலத்துக் கதையில் வரும் கரடிக்குத் தேன் கிடைத்தால் போதும். இதுவோ கார் கேட்டது. வாங்கியும்விட்டது. கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சீட்டுக்கு மேலிருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காமல் வீடு வரை ஓட்டி வந்தது. வந்த பிறகுதான் காரை எங்கே விடுவது என்ற யோசனை வந்தது.

யோசனை வந்த நேரத்தைப் பாருங்கள்! குகைக்கு முன்னால் இடம் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே ஒரு நாவல் மரம். பழம் விழுந்தால் கறை போகாது. எதிரே முள்ளம்பன்றி மாசிலாமணியின் வளை. அந்த வாசலில் நல்ல நிழல், மேடு பள்ளமில்லாத தரை. கோதண்டம் காரைக் கொண்டுபோய் வளை வாசலை அடைத்தாற்போல நிறுத்திவிட்டு, நாலு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்து ரசித்துவிட்டுச் சாப்பிடப் போனது.

மாசிலாமணி வெளியே தலையை நீட்டியது. கதவு தெரிந்தது, சக்கரம் தெரிந்தது, உலகம் தெரியவில்லை.

"அண்ணே, கொஞ்சம் முன்னால தள்ளி விடுங்களேன். வெளிய வர முடியலை."

"அட, ஓரமாப் போய்க்கய்யா. எவ்ளோ இடம் கெடக்கு!" என்றது கரடி. அது காட்டிய சந்தில் ஓர் எலி தாராளமாகப் போகலாம். முள்ளம்பன்றி என்றால் மூச்சை அடக்கிக்கொண்டு போகலாம்.

"எனக்கு உடம்பெல்லாம் முள்ளு அண்ணே. கார்ல பட்டுரும்."

"பார்த்துப் போ. கண்ணு எதுக்கு இருக்கு?"

மறுநாளே பட்டுவிட்டது. மூச்சை அடக்கிப் பாதி தூரம் போன மாசிலாமணிக்குத் தும்மல் வந்துவிட்டது. தும்மினால் முள்ளம்பன்றிக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். முன்கதவில் ஆரம்பித்து பின் பம்பர் வரைக்கும் கிர்ர்ர் என்று ஒரு கோடு. ஓடிப்போய் ஒளிந்திருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் இருந்தால் அது ஏன் முள்ளம்பன்றியாகப் பிறக்கிறது? நேரே கரடி வீட்டுக்குப் போய் ஒப்புக்கொண்டுவிட்டது.

கோதண்டம் அழுத அழுகையைக் கேட்டு, யாரோ செத்துவிட்டார்கள் என்று நாலு வீட்டிலிருந்து துண்டோடு வந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் போட்டார்கள். செயலாளர் சபாபதி என்கிற நரி. இரண்டு மணி நேரம் பேசினார்கள். மாசிலாமணி வீட்டு வாசலில் கோதண்டத்தின் காருக்கு என்ன வேலை என்று ஒருத்தர் கேட்க வேண்டுமே! ஊஹூம்.

"கார் செவனேன்னு நின்னுச்சு. நீதான் நகர்ந்தே. நகர்ந்தவன் மேலதானே தப்பு?" என்றது நரி. கூட்டம் கைதட்டியது.

தீர்மானம் எழுதினார்கள். குடியிருப்புப் பகுதியில் கூர்மையான பொருள்களை உடம்பில் வைத்துக்கொண்டு நடமாடக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் மாசிலாமணி தன் முட்களை அகற்றிவிட வேண்டும். தீர்மானத்தை முன்மொழிந்தது புலி. அதன் நகத்தை யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்ததால்தான் பேசவில்லை.

மாசிலாமணிக்கு உயிரே போய்விட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுத்தை உண்டு. தினம் சாயங்காலம் வரும், மோந்து பார்க்கும், முள்ளைக் கண்டதும் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு போய்விடும். அந்தச் சிறுத்தை சங்கத்தில் உறுப்பினர் இல்லை. தீர்மானம் போட்டு அதைத் தடுக்க முடியாது.

"ஐயா, முள்ளு போனா நான் பொழைக்க மாட்டேன்யா!" என்று மாசிலாமணி கையெடுத்துக் கும்பிட்டது.

அப்போதுதான் அதன் பெண்டாட்டி செங்கமலம் எழுந்தாள். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த ஆள் இவள்தான்.

"கோதண்டம் அண்ணே, உங்க காரும் அய்யாக்கண்ணு அண்ணன் காரும் ஒரே நாள்லதானே எடுத்தீங்க?"

அய்யாக்கண்ணு என்பது யானை. அது காருக்குள் ஏறி உட்கார்ந்ததே பாதி விபத்து. மீதி விபத்து செவ்வாய்க்கிழமை நடந்தது. பலாப்பழம் விழுந்து கூரை நசுங்கி, மறுநாள் கார் சேற்றுக்குள் போய், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"ஆமா, ஒரே நாள்தான்" என்றது கரடி.

"அய்யாக்கண்ணு அண்ணே, உங்க கார்ல ஒரு கீறலாவது இருந்துச்சா?"

"ஒண்ணு இல்லம்மா. கண்ணாடி மாதிரி இருந்துச்சு" என்று யானை தும்பிக்கையை உறிஞ்சியது.

"அதான் பாருங்க! ஊர்க்கண்ணு மொத்தமும் அங்க போய் உக்காந்துருச்சு. உங்க கார்ல எங்க வீட்டுக்காரரு ஒரு கோடு போட்டாரு. திருஷ்டி அதோட கழிஞ்சுது. இல்லாட்டி அந்தப் பலாப்பழம் யாரு காரைத் தேடி வந்திருக்குமோ!"

கரடிக்கு மயிர்க்கூச்செறிந்தது. கரடிக்கு அது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தீர்மானத்தை அதே பக்கத்திலேயே கோடு போட்டு அடித்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் கோதண்டம் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காயோடு வந்து நின்றது. "யோவ் மாசிலாமணி" போய் "சாமி" வந்துவிட்டது. பின்னாலேயே மான் புதுக் காரோடு வந்தது, கீரி புது ஸ்கூட்டரோடு வந்தது. செயலாளர் நரி திங்கட்கிழமை ராகுகாலம் முடியட்டும் என்று ஒன்பது மணி வரை தெருமுனையிலேயே காரை நிறுத்திக் காத்திருந்தது. இடது பின்கதவில், ஒரு சாண் நீளத்துக்கு, வண்டி கிழக்கே பார்த்து நிற்க, கீறவேண்டும் என்று முறை வந்துவிட்டது. யார் வகுத்த முறை என்று கேட்காதீர்கள். இதெல்லாம் தானாக வருவது.

"சாமி, இன்னும் கொஞ்சம் அழுத்திப் போடுங்க" என்று கெஞ்சினார்கள். தன் கீறலை விடப் பக்கத்து வீட்டு மானின் கீறல் நீளம் என்று கீரி சண்டை போட்டது. கோதண்டமோ காரை அந்த வாசலிலேயே நிரந்தரமாக விட்டுவிட்டது. மாசிலாமணி வெளியே போகும்போது ஒரு கோடு, உள்ளே வரும்போது ஒரு கோடு. சும்மா கிடைக்கிற திருஷ்டிக் கழிப்பை யார் விடுவார்கள்?

ஒருநாள் நரி தலையைச் சொறிந்தது. "சாமி, ஒரே ஒரு முள்ளு கொடுத்தீங்கன்னா கார் கண்ணாடிக்கு முன்னாடி கட்டிக்குவேன். வழித்துணையா இருக்கும்."

மாசிலாமணி கொடுத்தது. கழுத்தில் கதம்ப மாலை கிடக்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது?

அவ்வளவுதான். மானுக்கு ஒன்று, மானின் மச்சினனுக்கு ஒன்று. நசுங்கின காருக்கு இனிமேல் எதற்கு என்று யாரும் கேட்காததால் யானைக்கு ஏழு.

"ஏங்க, முள்ளைக் கொடுக்காதீங்க. மாலை காஞ்சுரும், முள்ளு வருமா?" என்றாள் செங்கமலம்.

"எப்படிம்மா மாட்டேங்கிறது? செயலாளரே கால்ல விழறாரு!"

"அன்னைக்கு முள்ளைப் புடுங்கச் சொன்னதும் அந்தச் செயலாளருதான்."

மாசிலாமணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. செங்கமலம் துணிமணியைக் கட்டிக்கொண்டு, தன் முள் அத்தனையையும் பத்திரமாகச் சிலிர்த்துக்கொண்டு, அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். போகிற போக்கில் காரில் ஒரு நீளக் கோடு விழுந்தது. கோதண்டம் அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டது.

வைகாசி முடிவதற்குள் கடைசி முள்ளும் போயிற்று. மாசிலாமணி உரித்த பனங்கிழங்கு மாதிரி இருந்தது. மறுபடி முளைக்காதா என்று கேட்பீர்கள். முளைக்கும். ஒரு மழைக்காலம் ஆகும்.

அன்று சாயங்காலம் சிறுத்தை வந்தது. மோந்தது. மூஞ்சியைச் சுளிக்கவில்லை. சந்து வழியாகத் தலையை விட்டுப் பார்த்தது, நுழையவில்லை. கையை விட்டுப் பார்த்தது, எட்டவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு கோதண்டத்தின் கார்.

"இது யாரு வண்டி? கொஞ்சமாவது அறிவு வேணாம்? இப்படியா விடுறது?" என்று சிறுத்தைக்குக் கோபமான கோபம். ஆனாலும் போகவில்லை. எதிர்ப் புதரில் உட்கார்ந்துகொண்டது. மறுநாளும் உட்கார்ந்திருந்தது. மாசிலாமணி உள்ளே ஒடுங்கிக் கிடந்து, வாழ்நாளில் முதல் முறையாக அந்தக் காரைக் கையெடுத்துக் கும்பிட்டது.

மூன்றாம் நாள் காலை கோதண்டம் வந்தது.

"சாமி, ரெண்டு நாளா கார்ல ஒரு கோடுகூட விழலையே?"

"முள்ளு இல்லையே அண்ணே. கடைசி முள்ளு உங்க மச்சானுக்குத்தானே கொடுத்தேன்."

"அதான் யோசிச்சேன். கோடும் விழாது, அப்புறம் எதுக்கு ஒரு பெரிய மனுசன் வாசலை மறிச்சுக்கிட்டுப் பாவத்தைச் சேக்கணும்? நாவ மரத்தை வெட்டிட்டேன். இனிமே என் வாசல்லயே விட்டுக்கறேன்."

"வேணாம் அண்ணே! கார் இங்கயே இருக்கட்டும்! உங்களுக்குப் புண்ணியமாப் போவும் அண்ணே!"

"என்ன தங்கமான மனசு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோதண்டம் வண்டியைக் கிளப்பியது.

ரிவர்ஸ் எடுக்க, பின்னால் யாராவது நின்று சொன்னால் தேவலை என்று அது எட்டிப் பார்த்தபோது, சிறுத்தை புதரிலிருந்து எழுந்து வந்து, மரியாதையாக ஓரம் ஒதுங்கி நின்று கையை ஆட்டியது.

"வாங்க... வாங்க... வரலாம்... லேசா ஒடிங்க... வாங்க... ஆங், போதும்."

நீதி: அடுத்தவன் முள்ளைப் பிடுங்க வேண்டுமானால் அவனுக்குத் தண்டனை கொடுக்காதீர்கள், மாலை போடுங்கள்.