வெற்றிலை கொடுத்த கை

இண்டூர்,
ஞாயிறு காலை.

பாலக்கோடு சம்பந்தி பச்சியப்பன் அவர்களுக்கு, இண்டூர் சென்னப்பன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை பூவரசனும், உங்கள் கோபம் நீங்கலாக, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று போனில், "நிச்சயத்தன்னிக்குக் கூட்டத்துல கவனிக்காம வுட்டுட்டனுங்க. உங்க பொண்ணு வரைஞ்சு அனுப்புன படத்துல இடது கையில வெத்தலை பாக்கு குடுக்கறீங்க. இப்படி அவமானப்படுத்தற வூட்டுல சம்பந்தம் வேணாமுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். ஐயய்யோ, இதற்கா கல்யாணத்தை நிறுத்துவது!

உங்கள் மருமகளாகப் போகிற கனிமொழி சென்னையில் எட்சிங் படித்தவள். சாமி படம், கோட்டை படமெல்லாம் போட மாட்டாள். மண்டியில் தக்காளி ஏற்றுவது, தொப்பூர் டீக்கடையில் லாரிக்காரர் பல் விளக்குவது, இதுதான் அவளுக்குப் படம். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, ஆசிட்டில் போட்டால் கீறின கோடு மட்டும் அரித்துப் பள்ளமாகும். அதில் மையை ஏற்றி, ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுப்பார்கள். ரப்பர் ஸ்டாம்பு மாதிரிதான், தகட்டில் வலது என்றால் தாளில் இடது. அவ்வளவுதானுங்க விஷயம்! தகட்டில் நான் வலது கையில்தான் கொடுக்கிறேன், கண்ணால் பார்த்தேன். அதைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரங்க வூடு வூடாப் போய்க் காட்டினேன். குள்ளம்மாள் அக்கா, "செம்பு இப்படியா கறுத்துக் கெடக்கறது"ன்னு புளி போட்டு வெளக்க உட்கார்ந்துடுச்சு, புடுங்கிட்டு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சுங்க. சாட்சிக்குத் தகட்டையே நேரில் கொண்டு வர்றேன். மரியாதை தெரியாதவனா நான்?

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. குறித்த முகூர்த்தத்திலேயே மேளம் கொட்டும், சந்தேகமே வேண்டாம்.

இப்படிக்கு,
சென்னப்பன்

பி.கு.: கடிதத்தை என் வூட்டுக்காரி தீர்த்தம்மாளிடம் படித்துக் காட்டினேன். "படம் திரும்பியிருந்தா முந்தானை வலது தோள்ல இல்ல இருக்கணும்? நம்மகிட்ட இருக்கற படத்துல எல்லாப் பொம்பளைங்களுக்கும் இடது தோள்லதான் இருக்குது. உங்க கை மட்டும் எப்படி மாறும்?" என்கிறாள். கனிமொழியைக் கேட்டேன். "தாள்ல சரியா வுழணும்னுதாம்பா தகட்டுல திருப்பிப் போட்டேன்" என்கிறாள். இப்போதுதான் ஞாபகம் வருகிறது. மன்னித்துவிடுங்கள் சம்பந்தி, இடது கையில்தான் கொடுத்தேன். வெற்றிலையை நீட்டிய நேரம் பார்த்து இடுப்பில் புது வேட்டி அவிழ்ந்துவிட்டது. வலது கை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கையை எடுத்திருந்தால் கல்யாணம் அன்றைக்கே நின்றிருக்குமுங்க.