உங்கள் தங்கை உயிரோடுதான் இருக்கிறாள்

சவாயி தீவு, சாமோவா,
திங்கட்கிழமை காலை.

கடல் தாண்டிப் போயும் குடும்பப் பெயரைத் தாழவிடாதவரும், ஆக்லாந்து சபையில் முன்வரிசைப் பெஞ்சில் அமர்பவரும், என் மனைவிக்கு மூத்த அண்ணனும், ஆகையால் கடவுளுக்கு அடுத்தபடி நான் பயப்பட வேண்டியவருமான மச்சான் எலெக்கானா அவர்களுக்கு, பெசமினோ தலை தாழ்த்தி எழுதுவது. உங்கள் வீட்டுக் கூரை ஒழுகாமலும், வீட்டுக்காரம்மாவின் முழங்கால் வலிக்காமலும், பிள்ளைகள் சாமோவா மொழியை மறக்காமலும் இருக்கக் கடவுள் அருளட்டும்.

இந்த இடத்தில் உங்கள் ஊரின் பெருமையையும் எங்கள் ஊரின் பெருமையையும் இரண்டுக்கும் நடுவிலுள்ள கடலின் பெருமையையும் முறைப்படி சொல்ல வேண்டும். ஊர்ப் பேச்சாளர் பட்டம் வாங்கியவன் அதைச் சொல்லாமல் விட்டால் பட்டத்துக்கே இழுக்கு. ஆனால் போன தடவை அந்த முறையை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் இத்தனையும் நடந்தது என்பதால் இந்த முறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை ஃபுவாட்டினோ உயிரோடுதான் இருக்கிறாள். இதோ எனக்கு எதிரே பாயில் உட்கார்ந்து, மாத்திரையைப் போட்டுவிட்டு, இன்னும் குடிக்கக் கூடாத கோகோவை முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

"டிக்கெட் போடுறேன், அவள இங்க அனுப்பிடு, நீ வர வேணாம்" என்று நீங்கள் சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. நியாயம்தான். தங்கை செத்துப்போனதாகக் கேள்விப்பட்டு ஒரு நாள் முழுக்க அழுத அண்ணன் அவ்வளவாவது சொல்லத்தான் செய்வார். ஆனாலும் நடந்ததை முழுதும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், டிக்கெட் மட்டும் அனுப்பிவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

எல்லாம் அவள் குரலில்தான் ஆரம்பித்தது. சபையின் பெண்கள் பாட்டுக்குழுவில் அவளைவிட உச்சத்தில் பாட ஆள் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். போன வருடம் ஒரு ஞாயிறு அந்தக் குரல் கரகரத்தது, அடுத்த மாதம் இன்னும் இறங்கியது, கடைசியில் குழுத் தலைவர் அவளை ஆண்கள் பக்கம் நிற்க வைத்துவிட்டார். கட்டைக்குரல் ஆண்களுக்கோ ஒரே சந்தோஷம், இத்தனை நாளாய் ஒரு ஆள் குறைந்துதான் இருந்தது என்றார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டிலும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் வர நேரமானது. "சேம்பு வெந்துச்சா?" என்று கேட்டால், நான் போய்ப் பார்த்து, தோலுரித்துத் தின்று முடிக்கிற நேரத்துக்கு "வெந்துடுச்சு" என்று வரும். பட்டப்பகலில் உறங்கினாள். போதகர் பிரசங்கத்தில் உறங்கினாள், அதையாவது பாதி சபை செய்கிறது, ஆனால் பாட்டு நடுவிலும் உறங்கினாள். பாய் பின்னுவதைக் கைவிரல் மரத்துப்போகிறது என்று நிறுத்தினாள். நீங்கள் அனுப்பிய கம்பளி ஸ்வெட்டரை, கோழிகூட நிழலுக்கு ஓடுகிற வெயிலில், கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மச்சான், நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? முசூ என்றுதானே? மனசு கசந்துபோய், பேச்சும் வேலையும் வேண்டாமென்று ஒருத்தர் உள்ளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் அது முசூ, அவர்களிடம் காரணம் கேட்கக் கூடாது, தானாக வெளியே வரும்வரை விட்டுவிட வேண்டும் என்பதுதானே நாம் பிறந்ததிலிருந்து பார்த்த மரியாதை? அந்த மரியாதையை நான் குறைவில்லாமல் செய்தேன். பிள்ளைகளைக் கூப்பிட்டு, "அம்மாக்கு முசூ. யாரும் ஒண்ணும் கேக்கப்படாது. கிட்டக்கூடப் போவாதீங்க" என்றேன். சமையலை நானே எடுத்துக்கொண்டேன். அதனால்தான் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று நினைத்தேன், ஆனால் சாப்பிடாமலேயே பருத்துக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்த என் உறவுக்காரர்கள் "பொண்டாட்டிய நல்லாத்தான் வச்சிருக்கான்" என்று என்னைப் பாராட்ட வேறு செய்தார்கள். நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

பாராட்டு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. அவள் முகமும் கண்ணும் வீங்கிப்போயின. நம் வீடுகளுக்குச் சுவர் உண்டா, மறைக்க? வழியில் போகிற எல்லோரும் பார்த்தார்கள், அழுது அழுது வீங்கியிருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். ஊர்க் கூட்டத்தில் ஒருத்தர், "பெசமினோ ஊருக்கெல்லாம் சமாதானம் பேசுவான், அவன் வீட்டுக்குத்தான் ஆள் கெடைக்கல" என்றார். எல்லோரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். அன்றைக்கே தீர்மானித்தேன். என்ன தப்பு செய்தேன் என்று தெரியாவிட்டால் என்ன, பெரிய தப்பாகத்தான் இருக்க வேண்டும், அடுத்த தீவிலிருக்கும் அவள் பிறந்த வீட்டு வாசலில் முறைப்படி தலையில் பாய் போர்த்தி மன்னிப்புக்கு உட்கார்ந்துவிடுவது என்று.

கொலைக்கும் பெண் விஷயத்துக்கும் செய்கிற சடங்கு அது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பட்டம் உள்ளவன் சின்னதாக மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. பெட்டியிலிருந்து உங்கள் தங்கை பின்னிய நல்ல பாயை எடுத்துச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு கப்பலேறினேன். நம் வழக்கத்தில் சாவு வீட்டுக்குக் கொடுக்கிற பாய் என்பதால், கப்பலில் பார்த்தவர்களெல்லாம் "யார் செத்தது?" என்று கேட்டார்கள். யாருமில்லை, என் பெண்டாட்டிக்கு முசூ என்றேன். ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் கட்டினவ மொகம் குடுக்காம இருந்தா தம்பி, அப்பறம் ஒரு பன்னி வாங்கிக் குடுத்தேன்" என்று யோசனை சொன்னார். கேட்டிருக்கலாம்.

உங்கள் சித்தப்பா அபேலு வீட்டு முற்றத்தில், வெயிலில், பாயைத் தலைமேல் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்தேன். பாயை அவர்கள் விலக்கும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது முறை. உள்ளே பேச்சு நின்றது. அப்புறம் சித்தி சோசேயின் குரல், "யாரு அது? காலப் பாத்தா நம்ம பெசமினோ மாதிரி இருக்கே?" அப்புறம், "அய்யோ, ஃபுவாட்டினோவக் கொன்னுட்டானே!" என்று ஒரு ஓலம். நான் பாய்க்குள்ளே தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று. "பாரு, ஒத்துக்கறான்!" என்றார் யாரோ. உங்கள் சித்தப்பா, "கத்தி எங்க? தேங்கா வெட்டற கத்தி எங்கடி?" என்று தேடுகிறார். சித்தி உங்களுக்குப் போன் போட்டு அழுவது எனக்கு ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டது. மச்சான், அந்த நேரத்தில் "அவ நல்லாத்தான் இருக்கா" என்று கத்தியிருந்தால் போதும். முறை தவறிவிடும் என்று பொறுத்திருந்தேன். என் மடத்தனத்துக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

கடைசியில் சித்திதான் பாயைப் பிடுங்கினாள். "எங்கடா பொதச்ச அவள?" என்றாள். நானும் எழுந்து நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "சான்றோர் அமர்ந்த முற்றமே, அலை வந்து வணங்கும் ஊரே…" என்று ஆரம்பித்தேன். உங்கள் சித்தப்பா கத்தியை ஓங்கி, "டேய்! அவ இருக்காளா, இல்லியா, அத மொதல்ல சொல்லு!" என்றார். இருக்கிறாள் என்றேன். அதற்குப் பிறகும் யாரும் என்னை நம்பவில்லை. கண்ணால் பார்க்காமல் விடமாட்டேன் என்று சித்தி என்னோடு கப்பலேறி வந்தாள்.

வந்தவள் ஃபுவாட்டினோவைக் கட்டிப்பிடித்தாள். உடனே கையை எடுத்தாள். "என்னடி இப்படிச் சில்லுன்னு இருக்க, ஐஸ்ல வச்ச மீனு மாதிரி? ஒனக்கு என்ன பண்ணுது?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். ஃபுவாட்டினோ ரொம்ப நேரம் கழித்து, "தெரியல சித்தி. யாரும் கேக்கல" என்றாள். ஊரில் யார் வீட்டுக் கல்யாணம், யார் வீட்டுச் சாவு என்றாலும் வெயில் சாயும்வரை பேசத் தெரிந்த எனக்கு, பக்கத்தில் படுத்திருந்தவளிடம் அந்த மூன்று வார்த்தையைக் கேட்கத் தெரியவில்லை. வருத்தமாக இருக்கிறது, மச்சான். இதை அலங்காரமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண். நாடி பிடித்தாள், ரத்தம் எடுத்துத் தலைநகர் அப்பியாவுக்கு அனுப்பினாள், பதில் வந்ததும் கூப்பிட்டாள். "கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. ஒடம்புக்குச் சூடும் சுறுசுறுப்பும் குடுக்கறது அதுதான். இவங்களுக்கு அது சரியா வேலை செய்யல."

"ஏன் செய்யல? யார் மேல கோவம் அதுக்கு?" என்றேன்.

"யார் மேலயும் கோவமில்ல. இத்தன மாசமா நீங்க என்ன பண்ணீங்க?"

"மரியாத குடுத்தோம்" என்றேன்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஒரே மகிழ்ச்சி. அவளுக்கு என்மேல் கோபமே இல்லை! எல்லாம் தைராய்டு! இதை ஊர் முழுக்கச் சொன்னேன், ஊர்க் கூட்டத்திலும் எழுந்து சொன்னேன். அதன் பலன், இப்போது தோட்டத்துக்கு நேரம் கழித்து வருகிற ஒவ்வொரு வாலிபனும் கழுத்தைத் தடவிக்காட்டுகிறான்.

மாத்திரை வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும், வெறும் வயிற்றில், போட்டபின் ஒரு மணி நேரம் கோகோகூடக் கூடாது. நானும் அவளோடு குடிக்காமல் காத்திருக்கிறேன், எனக்குத்தான் தலை சுற்றுகிறது. போதகரின் மனைவி விடிந்ததும் சுடச்சுடப் பணியாரம் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நான் முன்னே போய் நின்று அவர் குடும்பத்தின் பெருமையைப் பேச ஆரம்பித்துவிடுவேன். முடிப்பதற்குள் நேரம் சரியாகிவிடும். முதல் மாத்திரைக்கே எழுந்து பாடுவாள் என்று எதிர்பார்த்தேன், அப்படி நடக்கவில்லை. வாரக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு மதியம் "என்ன வெக்கை, என்ன வெக்கை" என்று அந்த ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்தாள். எழுந்துபோய், சமையலில் நான் கரியாக்கி வைத்திருந்த சட்டியைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினாள். நான் தோட்டத்துக்குள் போய் நின்று அழுதேன்.

ஆகவே மச்சான், அங்கே கிடைக்கிற மாத்திரை இங்கேயும் கிடைக்கிறது. அங்கே குளிர் வேறு. இனிமேல் நான் கேட்பேன், தினமும் கேட்கிறேன், "போதும் போ" என்று அவள் விரட்டும்வரை கேட்கிறேன். அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது. டிக்கெட் வேண்டாம்.

உங்கள் சட்டியில் எப்போதும் மீனும், உங்கள் சபையில் எப்போதும் பாட்டும், உங்கள் மனதில் எனக்குக் கொஞ்சம் மன்னிப்பும் இருக்கட்டும்.

தங்கள் தங்கையின் கணவன்,
பெசமினோ

பி.கு.: உறை தேடப் போன நேரத்தில் ஃபுவாட்டினோ இதை எடுத்துப் படித்துவிட்டாள். கத்தி வருகிற இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நானும் பெருமையாக நின்றேன். பிறகு, "எல்லாம் எழுதியிருக்க. என் கோவத்த மட்டும் எங்க காணோம்?" என்றாள்.

"கோவமா? அதான் தைராய்டுன்னு…"

"தைராய்டு போன வருஷம் வந்துது. கோவம் அதுக்கு முந்தின வருஷம். உன் பெரியப்பா மகன் சாவுல, நான் ரெண்டு வருஷம் ஒக்காந்து பின்னுன பாயத் தூக்கிக் குடுத்தியே, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? மன்னிப்புக் கேக்கப் போனப்பவும் என் பாயத்தான எடுத்துட்டுப் போன?"

நான் வாயைத் திறந்தேன். "பேசாத. கோவப்படக்கூட ஒடம்புல தெம்பு இல்லாம இருந்துச்சு, இப்பத்தான் வந்திருக்கு. அண்ணன டிக்கெட் போடச் சொல்லு. மாத்திரைக்காக இல்ல, எனக்குப் போகணும்."

எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டேன். "அத அங்க போய்த்தான் யோசிக்கணும்" என்றாள்.

ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். டிக்கெட் அனுப்புங்கள், மச்சான், ஒன்று போதும். ஜன்னலோரமாகப் பார்த்துப் போடச் சொன்னாள். அவளுக்கு ஜன்னலோரம் பிடிக்கும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.