அகலத் தடம் வைத்த மாப்பிள்ளை நரி

ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது. 'தந்திரமான நரி' என்றுதான் தொடங்க வேண்டும். அந்த நரி நானே என்பதால், மனசாட்சிக்குப் பயந்து அந்தச் சொல்லை விட்டுவிடுகிறேன்.

எனக்குக் கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. ஜாதகம் போன குகையிலிருந்தெல்லாம் திரும்பி வந்துவிட்டது. மலைமேல் இருக்கும் வேங்கடபதி நரியின் மகள் அமிர்தவல்லி மட்டும்தான் பாக்கி. அதுவும் தட்டிப்போனால் சன்னியாசம்தான். சன்னியாசத்தில் கோழி கிடையாது.

பெண் பார்க்கப் போகிற வண்டி கம்பீரமாக இருக்க வேண்டாமா? என் சின்னக் காரின் சக்கரங்கள், பெண் வீட்டில் நான் நிற்கப்போவதைப் போலவே, உள்ளே ஒடுங்கிக் கிடந்தன. மெக்கானிக் முள்ளம்பன்றியிடம் போய், சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்க வேண்டும் என்றேன்.

"ஆஃப்செட் குறைஞ்ச வீல் மாட்டினா வெளிய வரும்ணே," என்றது முள்ளம்பன்றி. "ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் நடுவுல தூரம் கூடி, தடம் அகலமாகும், வளைவுல வண்டி அவ்வளவா சாயாது. ஆனா பள்ளத்துல விழுந்தா ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். முழுசா ஒடிச்சா டயர் உரசும். வீல் பேரிங்கும் சீக்கிரம் போயிடும்."

'சாயாது' வரைக்கும்தான் நான் கேட்டேன். காது நீளமாக இருந்து என்ன பயன்?

சொன்னபடி வளைவுகளில் வண்டி சாயவில்லை. ஆனால் அந்த மலைப்பாதையில் வளைவுகளைவிடப் பள்ளங்கள் அதிகம். ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டீயரிங் என் கையை உதறிவிட்டுத் தன் இஷ்டத்துக்குத் திரும்பியது. கொண்டை ஊசி வளைவில் டயர் உரசி, ரப்பர் கருகும் நாற்றம். மல்லுக்கட்டி மேலே போய்ச் சேர்ந்தபோது கையிரண்டும் வெடவெடவென்று நடுங்கின.

அமிர்தவல்லி காபி கொடுத்தாள். பாதி என் வேட்டியில் கொட்டியது, மீதி அவள் அப்பா மேல்.

"கை ஏன் இப்படி நடுங்குது?" என்றாள்.

வேங்கடபதி வாசலில் நின்ற வண்டியை எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளிறிவிட்டது. "மாப்பிள்ளை, அந்தச் சக்கரம்... நீங்களே ஆசைப்பட்டு மாட்டினதா?"

சம்பந்தம் போயிற்று, கோழியும் போயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இல்லைங்க மாமா. எனக்குக் கொஞ்சம் குடிப்பழக்கம் உண்டு. போதையில மாட்டிட்டேன்."

வீடே பெருமூச்சு விட்டது.

"குடிதானா!" என்று வேங்கடபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளை! நான் என்னென்னமோ நினைச்சுப் பயந்துட்டேன். குடிக்கிற பையனுக்கு ஒரு கால்கட்டுப் போட்டா எல்லாம் சரியாயிடும்."

"தெளிஞ்சதும் கழட்டிடுவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள் அமிர்தவல்லி. தலையாட்டினேன். அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டோம். நான் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை என்ற உண்மையைச் சொல்லி, கூடிவந்த கல்யாணத்தைக் கெடுத்துக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா?

நீதி: தெளிந்த புத்தியோடு செய்த முட்டாள்தனத்துக்கு எந்தக் காட்டிலும் பெண் கொடுக்கமாட்டார்கள், போதையில் செய்ததாகச் சொல்லிவிடுங்கள்.