ஊதாத் துணிக்குள் அந்தோனியார்

இம்முறை பாஸ்கா என்னும் உயிர்த்த ஞாயிற்றுக்குப் புதிதாக ஒரு பொருள்கூட வாங்குவதில்லை என்று செல்வரட்ணம் தீர்மானித்தார். தீர்மானித்ததோடு நில்லாமல், சாய்மனைக் கதிரையிலிருந்து எழுந்து நின்று அறிவிக்கவும் செய்தார். குருநகரிலுள்ள அந்த வீட்டில் அவ்வேளை அவருடைய உரைக்குச் செவிகொடுத்தவர்கள் இருவர். ஒருவர் அவருடைய மனைவி மரியநாயகி. மற்றது பூனை. பூனை எழுந்து போய்விட்டது.

நோர்வேயிலிருந்து மகள் வசந்தினி அனுப்பிய படங்களே இதற்கெல்லாம் காரணம். அங்கே பனி கரைந்து இளவேனில் பிறந்ததைக் கொண்டாடும் பொருட்டு, பழைய பொருட் கடைகளிற் பொறுக்கிய ஏணி, கூடை, போத்தல் முதலியவற்றைக் கொண்டு அவள் தன் வீட்டைப் பூந்தோட்டமாக்கியிருந்தாள். படத்தைக் கண்ட செல்வரட்ணத்தின் நெஞ்சு விம்மிற்று. பழைய பொருளைப் பற்றி அவருக்கு இன்னொருவர் பாடம் நடத்துவதா? முப்பத்தோராண்டு காலம் கடற்றொழிலாளர் சங்கத்தின் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர் அவர். களஞ்சியத்திலிருந்து அவர் ஓய்வு பெற்றாரேயன்றி, அவரிடமிருந்து களஞ்சியம் ஓய்வு பெறவில்லை. வீட்டின் பின்விறாந்தையில் ஊமையாகிப்போன ஐந்து வானொலிகள், சில்லில்லாத மூன்று சைக்கிள்கள், ஒரு தட்டச்சுப்பொறி, ஒரு வள்ளத்தின் சுக்கான், மூட்டை மூட்டையாக வலை மிதப்புகள் ஆகியவை வாசம் செய்தன. "பழசெண்டாலும் உதவும்" என்பது அவருடைய வேதவாக்கு. அந்த விறாந்தையில் ஒரு கதிரை போட்டுக் காற்று வாங்க வேண்டும் என்பது மரியநாயகியின் பதினேழு ஆண்டுக் கனவு. கதிரையை எப்படியாவது போட்டுவிடலாம். அதில் இருப்பவரைத்தான் இரண்டாக மடிக்க வேண்டும்.

"இஞ்சேருங்கோ, உந்த மிதப்புகளை என்ன செய்யப் போறியள்?"

"வர்ணம் பூசி, பாஸ்கா முட்டை மாதிரிக் கோத்துத் தொங்கவிடப் போறன்."

"எல்லாத்தையுமோ?"

"பதினெட்டு."

"அப்ப மிச்சம்?"

"வாற வருசத்துக்கு."

"உலகம் முடிஞ்சாலும் உங்கடை மிதப்பு முடியாதப்பா!"

செல்வரட்ணம் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

இங்கே அந்தோனியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்மண்டபத்தில் தொங்கும் சிலுவையின் கீழ் மாடத்தில், குழந்தை யேசுவைக் கையிலேந்தி நிற்கும் ஒன்றரையடிச் சுரூபம் அது. கல்யாணத்தன்று மரியநாயகியின் தாயார் அதை மார்போடணைத்துக்கொண்டு நடந்தே வந்து, மருமகனின் கையில் கொடுத்து, "தம்பி, இவரையும் இவளையும் பத்திரமாப் பாக்கோணும்" என்று சொன்னார். வரிசையில் அந்தோனியார்தான் முதல். தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு நெருங்கியதும் கோவிலிலே சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்கள் அல்லவா? மரியநாயகி வீட்டிலும் அப்படியே செய்வாள். அவ்வாண்டும் சனிக்கிழமையன்று மூடிக் கட்டிவிட்டாள். இனி உயிர்த்த ஞாயிறு காலையிற்றான் திறப்பு.

திங்கட்கிழமை அவள் சந்தைக்குப் போயிருந்தாள். செல்வரட்ணம் வெள்ளை பூசிய ஏணியில் ஏறி, மஞ்சளும் பச்சையுமாகப் பளபளத்த பதினெட்டு மிதப்புகளையும் மண்டபத்தின் குறுக்கே கட்டினார். கட்டிமுடித்துக் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தார். கயிற்றின் மறுநுனி மாடத்து மூட்டையைச் சுற்றியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

ஊதா மூட்டை தலைகீழாக விழுந்தது. உள்ளே சளீரென்று ஓசை கேட்டது.

துணியை அவிழ்த்துப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. மேலாகத் தடவினார்; துண்டு துண்டாக அகப்பட்டது. மாமியாரின் குரல் காதுக்குள் கேட்டது. மூட்டையை அப்படியே ஏந்திச் சென்று, கிணற்றடி மாதுளையின் கீழே குழி தோண்டி, மெழுகுதிரி ஏற்றி, பத்துமுறை ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரம் சொல்லிக் கண்ணீரோடு அடக்கம் செய்தார். அப்பொழுது மூட்டையிலிருந்து இலேசாகத் தேசிக்காயின் புளிப்பு மணம் வந்தது. புனிதர்களிடமிருந்து நறுமணம் வீசும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். ஆகவே அழுகை இன்னும் கூடிற்று.

பிறகு தையல் இயந்திர லாச்சியை இழுத்துத் திறந்து மிச்ச ஊதாத் துணியை எடுத்து, வெறும் நெல்லிரசப் போத்தலொன்றின் தலையிற் சிரட்டை கவிழ்த்து, மூடிக் கட்டி மாடத்தில் நிறுத்தினார்.

அன்று மாலைச் செபத்துக்கு முழந்தாளிட்ட மரியநாயகி மாடத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள்.

"என்னப்பா, அந்தோனியார் ஒரு விரற்கடை உயந்திட்டார் போலை கிடக்கு?"

"தவக்காலமெல்லே நாயகி... எல்லாரும் உயரத்தானே வேணும்."

"ஓம், ஓம்" என்று அவள் செபமாலையை எடுத்தாள்.

போத்தலுக்கு முன்னால் மனைவி கைகூப்பி நிற்பதைப் பார்த்துப் பார்த்துச் செல்வரட்ணம் உருகினார். குற்றமுள்ள மனம் மறுப்புச் சொல்லாது. மூன்றாண்டுகளாக அவர் தட்டிக்கழித்து வந்த மண்டபச் சுவர் இரண்டே நாளில் வெள்ளையடிக்கப்பட்டது. கிணற்றுக்கட்டுப் பாசி உரஞ்சப்பட்டது. அடுத்த வீட்டு லூர்த்தம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மரியநாயகி, அண்ணைக்கு ஏதும் வருத்தமோ? டொக்ரரிட்டைக் காட்டினியோ?"

"வருத்தம் ஒண்டுமில்லையக்கா. மனந்திரும்புறார்."

மனம் திரும்பிய நேரமெல்லாம் அவர் ஊரிலுள்ள பழைய பொருட் கடைகளில் அலைந்தார். "பாஸ்காச் சோடினைக்குச் சாமான் பாக்கப் போறன்" என்பது வெளிக்காரணம். உட்காரணம் ஒன்றரையடி உயரம். காணாமற்போன சாவி முதல் கன்றுக்குட்டி வரை ஊரார் தேடித்தரக் கேட்பது அந்தோனியாரிடம். அந்தோனியாரே காணாமற்போனால் ஒருவன் யாரிடம் போய்க் கேட்பது? கூச்சத்தோடு அவரிடமே கேட்டார். தலையில்லாத சூசையப்பர் கிடைத்தார். இரண்டு பிள்ளையார் கிடைத்தனர். அந்தோனியார் கிடைக்கவில்லை.

உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய பெரிய கிழமை பிறந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மரியநாயகியே சொன்னாள்:

"பருத்தித்துறையிலை சிவக்கொழுந்து எண்டொருத்தர் பழைய சாமான் கடை வைச்சிருக்கிறாராம். பூச்சாடி வைக்க ஒரு முக்காலி பாத்துக்கொண்டு வாங்கோவன்."

மறுநாள் காலை முதல் பஸ்சிலேயே போய்ச் செல்வரட்ணம் அங்கே நின்றார். முக்காலியை அவர் பார்க்கவேயில்லை. ஓர் அலுமாரியின் மேல், புத்தம்புது மண்ணிற அங்கியோடு, ஒன்றரையடி உயரத்தில் அந்தோனியார் நின்றுகொண்டிருந்தார்! வர்ணந்தான் புதிது, நிற்கும் நிலை அதே நிலை. குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரல் உடைந்திருந்தது. வீட்டிலிருந்த சுரூபத்திலும் அதே விரல்தான் இல்லை! தேவையானால் தாமே ஒரு விரலை உடைத்துவிடலாம் என்று எண்ணியிருந்தவருக்கு அந்தப் பாவமும் மிச்சமாயிற்று.

"இது என்ன விலை, தம்பி?"

"விக்கிறதுக்கில்லை ஐயா" என்றார் சிவக்கொழுந்து. "மாத்துக்கெண்டால் தருவன்."

"என்ன வேணும்? சொல்லும்!"

"பழைய றேடியோ ஒரு அஞ்சு. சில்லில்லாட்டிலும் பரவாயில்லை, சைக்கிள் மூண்டு. தட்டச்சு மெசின் இருந்தால் நல்லது. பிறகு... வள்ளத்துச் சுக்கான், வலை மிதப்பு..."

செல்வரட்ணம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். உலகத்தில் ஒரு மனிதனுக்கு வேண்டியவை யாவும் தம் பின்விறாந்தையிலேயே இருக்கின்றனவே! பழையது உதவும் என்று முப்பது ஆண்டுகளாகச் சொன்னாரே, உதவிவிட்டதே!

"நாளைக்குக் காலமை லொறி அனுப்பும். பத்து மணிக்கு மனிசி வீட்டிலை இருக்கமாட்டா."

"தெரியும்— ம்ம், சரி ஐயா" என்றார் சிவக்கொழுந்து.

வியாழன் காலை மரியநாயகி கோவில் கழுவப் போயிருந்த வேளையில் லொறி வந்தது. ஐந்தாவது வானொலி ஏறும்போது செல்வரட்ணம் கண்ணை மூடிக்கொண்டார். அந்தோனியார் இறங்கியதும் திறந்தார். கணப்பொழுதில் போத்தலும் சிரட்டையும் வெளியே, சுரூபம் துணிக்குள்ளே.

"ஐயோ, விறாந்தை எங்கையப்பா?" என்றாள் திரும்பி வந்த மரியநாயகி.

"இதுதான் விறாந்தை. தவக்காலத்துக்கு எல்லாத்தையும் துறந்திட்டன்."

அவள் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு, காலை நீட்டி இருந்தாள்.

உயிர்த்த ஞாயிறு விடிந்தது. பூசை முடிந்து இருவரும் வீடு திரும்பினார்கள். வெண்சுவர், வெள்ளை ஏணியின் படிதோறும் நித்தியகல்யாணிச் சாடிகள், காற்றிலாடும் மிதப்பு முட்டைகள் என மண்டபம் மணப்பெண்போல் இருந்தது. மரியநாயகி துணியை அவிழ்த்தாள். அந்தோனியார் பளபளத்தார். செல்வரட்ணம் பதின்மூன்று நாட்களாக அடக்கியிருந்த மூச்சை ஒரேயடியாக விட்டார்.

"சிவக்கொழுந்து நல்லாத்தான் பூசியிருக்கிறார்" என்றாள் அவள்.

விட்ட மூச்சு பாதியில் நின்றது.

"ஆ... ஆரெண்டனீர்?"

"பருத்தித்துறைச் சிவக்கொழுந்துதான். மூடிவைக்கிற நாளிலை ஒருத்தரும் பாக்கமாட்டினம், அதுக்குள்ளை வர்ணம் அடிப்பிச்செடுத்தால் பாஸ்காவுக்குப் புதுசா நிப்பார் எண்டு, அந்தச் சனிக்கிழமையே லூர்த்தம்மா வீட்டு ஓட்டோவிலை அனுப்பிட்டன்."

"அப்ப துணிக்குள்ளை நிண்டது?"

"துணி நிக்க ஏதும் வேணுமெல்லே? ஊறுகாய்ச் சாடியை வைச்சுக் கட்டினனான்."

தேசிக்காய் மணத்தின் இரகசியம் செல்வரட்ணத்துக்கு இப்போதுதான் விளங்கிற்று.

"உமக்கு எப்பத் தெரியும்?"

"அண்டைக்குப் பின்னேரமே. நான் போட்டது பூமுடிச்சு. செபத்துக்கு வந்து பாத்தால் சங்கத்துச் சாக்கு முடிச்சு!"

"தெரிஞ்சும் அந்தப் போத்தலையே கும்பிட்டனீர்?"

"நான் கும்பிட்டது மேலை தொங்கிற சிலுவையை."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமெல்லே?"

"சொல்லியிருந்தால் சுவர் வெளுத்திருக்குமோ? விறாந்தைதான் வெளிச்சிருக்குமோ?"

செல்வரட்ணத்துக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அந்தோனியார் உடையவேயில்லை, மாமியாருக்குக் கொடுத்த வாக்கும் உடையவில்லை. நெஞ்சிலே கிடந்த நங்கூரத்தை யாரோ தூக்கிவிட்டாற்போல் இருந்தது. பின்விறாந்தைக்குப் போய் அந்தக் கதிரையில் இருந்தார். கடற்காற்று நேராக முகத்தில் வந்து மோதியது. இவ்வளவு காலமும் இந்தக் காற்று எங்கே போயிருந்தது என்று அவர் கண்மூடி யோசிக்கையில், குசினிக்குள்ளிருந்து மரியநாயகியின் குரல் வந்தது:

"இஞ்சேருங்கோ, மாதுளைக்குக் கீழை தாட்ட சாடியின்ரை மூடியையெண்டாலும் தோண்டி எடுத்துக் கழுவித் தாங்கோ. பழசெண்டாலும் உதவும்."